ஒரே கம்ப்யூட்டரில் நான்கு கோளாறு: ஏழு வாரம், 8,420 ரூபாய்

பதினோரு வருடம் பழைய டெஸ்க்டாப் ஒன்றைச் சரிசெய்ய எனக்கு ஏழு வாரமும் 8,420 ரூபாயும் ஆனது. அதில் 4,650 ரூபாய் போயிருக்கவே வேண்டாம். ஒரு நோட்டும், வோல்ட் அளக்கும் 350 ரூபாய் மல்டிமீட்டரும் முதல் நாளே கையில் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். என்ன நடந்தது, எந்த இடத்தில் தவறான முடிவு எடுத்தேன், எதை எப்படிச் சோதித்திருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே தலைமுறை மெஷின் இன்னும் நிறைய வீடுகளிலும் டிடிபி கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்களுக்காவது பயன்படட்டும்.

மெஷின் இதுதான்: ஐ5-4460 பிராசசர், எச்81 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டை மெஷினுக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பெட்டி. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசருக்குள் இருப்பதே போதும். நான் செய்த பெரிய பிழை, வந்த தொல்லைகளுக்கெல்லாம் ஒரே ஒரு காரணம் இருக்கும் என்று நம்பியது. கடையிலும் அப்படித்தான் பார்த்தார்கள். பழைய மெஷினில் அப்படி இருப்பதில்லை. எல்லா பாகமும் ஒரே வெயிலில் ஒரே தூசியில் ஒரே அளவு வருடம் உழைத்தவை, அதனால் ஒன்று தளரும்போது பக்கத்தில் இன்னொன்றும் தளர்ந்திருக்கும். ஒன்றைச் சரிசெய்ததும் தொல்லை பாதி குறையும், முழுதாகப் போகாது. அந்தப் பாதியைப் பார்த்து "இது காரணம் இல்லை போல" என்று அடுத்த பாகத்துக்குத் தாவிவிடுவோம். பணம் போகிற வழி அதுதான்.

முதலில் தெரிந்தது தேதி மாறுவது. காலையில் ஆன் செய்தால் 2014-ம் வருடம் காட்டும், பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று நிற்கும். இது போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்ததற்கான அடையாளம். நாற்பது ரூபாய் விஷயம். சுவரில் மெயின் சுவிட்ச் ஆனில் இருக்கும் வரை போர்டின் கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஸ்டாண்ட்பை கரண்டில் ஓடும். இரவில் சுவிட்சை அணைத்த பிறகுதான் செல்லை நம்பி நிற்கும். அதனால்தான் பகல் முழுக்க தேதி சரியாக இருந்து, காலையில் மட்டும் தவறும். புது செல்லை மீட்டரில் வைத்தால் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்சமிருக்கும் சார்ஜைப் போக்கிவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் சின்ன உலோகக் கொக்கியைத் தள்ளினால் செல் தானாக மேலே எழும்பும். பிளஸ் குறி மேலே பார்க்க புதியதை வைக்க வேண்டும்.

இந்த நாற்பது ரூபாய் விஷயத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டதுதான் முதல் இழப்புக்குக் காரணம். செல் முழுதாகத் தீர்ந்தால் தேதி மட்டும் போவதில்லை, ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் சொந்த மென்பொருளான பயாஸில் நாம் வைத்த அமைப்புகள் எல்லாம் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். இந்த போர்டில் சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்று மாறிவிட்டது. விண்டோஸ் நிறுவப்பட்டது ஏஎச்சிஐ மோடில். அந்த ஒரு வேறுபாடு போதும். பூட் ஆகும்போதே நீலத் திரை, "இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று வந்து சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும். கடையில் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது என்றார்கள், 500 ரூபாய் வாங்கி ஃபார்மேட் செய்து கொடுத்தார்கள். சி டிரைவில் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்த ஸ்கேன் செய்த பத்திரங்கள், சில வருடக் கணக்குக் கோப்புகள் எல்லாம் போயின. பயாஸுக்குள் போய் ஒரு வரியை ஏஎச்சிஐ என்று மாற்றியிருந்தால் எதுவும் இழந்திருக்க வேண்டாம். இது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே உங்கள் மெஷின் நன்றாக ஓடும்போதே பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா மோட், பூட் வரிசை, பூட் முறை யுஇஎஃப்ஐயா லெகசியா என்பது, இந்த மூன்றும் கட்டாயம். திடீரென்று பூட் ஆகாமல் போனால், தேதி மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபார்மேட் என்ற சொல்லைக் கடைக்காரர் சொன்னால், முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி கோப்புகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்கலாம்.

ஏப்ரல் மாத வெயிலில் இரண்டாவது தொல்லை ஆரம்பித்தது. பெரிய பிடிஎஃப் கோப்பு, வீடியோ மாற்றுவது போன்ற கனமான வேலை கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேகம் குறையும், சில நேரம் தானே ரீஸ்டார்ட் ஆகும், சில நேரம் டப்பென்று அணைந்துவிடும். உடனே ஆன் செய்தால் ஒரு நிமிடம் ஓடி மீண்டும் அணையும். அரைமணி கழித்து ஆன் செய்தால் நன்றாக ஓடும். இந்தக் கால இடைவெளி முக்கியமான தடயம், இது சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 68 டிகிரி, வேலை கொடுத்ததும் 98. இந்தத் தலைமுறை பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

திறந்து பார்த்தால், பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு போல படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஃபேன் மட்டும்தான் தெரியும், இது தெரியாது. ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். பின்பக்கம் கார்டு ஸ்லாட் மூடி இல்லாமல் திறந்திருந்தால் அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போவது அந்த வழியில்தான், எறும்புக் கூட்டின் மண் ஈரத்தை இழுத்து போர்டில் பச்சை படிய வைக்கும். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். தடவித் தேய்க்க வேண்டாம், ஹீட்சிங்க் அழுத்தும்போது தானே பரவும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களில். ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டுவதற்கு முன் நான்கையும் எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்காக எதிரெதிர் கால்களை ஜோடியாக அழுத்த வேண்டும். டக் என்ற சத்தம் நான்கு முறை கேட்க வேண்டும். போர்டின் அடிப்பக்கம் பார்த்தால் நான்கு ஓட்டையிலும் கால் விரிந்து வெளியே நிற்பது தெரியும். இந்த மெஷினில் ஒரு கால் பிடிக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதைச் சரியாக மாட்டியதும் அதே வேலையில் சூடு 66 டிகிரிக்கு இறங்கியது. பேஸ்ட் 180 ரூபாய், ஒரு மணி நேர வேலை. வேகம் குறைவது நின்றது. ஆனால் ரீஸ்டார்ட் ஆவது நிற்கவில்லை, நாளைக்கு ஐந்து முறை என்பது இரண்டு மூன்று முறையாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நோட்டு எடுத்திருக்க வேண்டும். எத்தனை மணிக்கு ரீஸ்டார்ட் ஆனது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, வீட்டில் மோட்டார் போட்டார்களா, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியதா, கரண்ட் ஏறி இறங்கியதா. ஒரு வாரம் எழுதினாலே தடயம் தெரியும். விண்டோஸிலும் ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். அங்கே கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு சிவப்பில் இருக்கும். பலர் இதைப் பார்த்ததும் பவர் என்ற சொல்லை வைத்து எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவுக்கு அர்த்தம், போன முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே. அதைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில் பக்செக் கோடு என்ற வரியைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால் கரண்ட் திடீரென்று போயிருக்கலாம் அல்லது மெஷின் உறைந்து நின்றிருக்கலாம். வேறு எண் இருந்தால் அது நீலத் திரை விழுந்து ரீஸ்டார்ட் ஆனது. என் லாகில் இரண்டு வகையும் கலந்திருந்தன. இரண்டு வேறு கோளாறுகள் இருப்பதை அன்றே அது சொல்லியது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கடையில் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும் என்றார்கள், 750 ரூபாய்க்கு ஒன்று போட்டார்கள், 450 வாட் என்று அதிலும் எழுதியிருந்தது. நான்கு நாள் கழித்து மீண்டும் ரீஸ்டார்ட். "எஸ்எம்பிஎஸ் புதுசு, அப்போ போர்டு போச்சு" என்றார்கள். கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. ரீஃபர்பிஷ்டு, அதாவது பழுதுபார்த்து விற்கும் பழைய எச்81 போர்டு 2,900, மாட்டுக்கூலி 500. பழைய பிராசசர், பழைய ரேம், அந்த 750 ரூபாய் எஸ்எம்பிஎஸ் எல்லாம் அதே. மூன்றாம் நாள் அதே ரீஸ்டார்ட். போர்டு மாறியதால் விண்டோஸ் ஆக்டிவேஷனும் போயிற்று, ஏனென்றால் டிஜிட்டல் உரிமம் போர்டோடு பிணைந்தது. பின்பக்கத் தகடு புது போர்டின் ஓட்டைகளோடு பொருந்தாமல் ஒரு யுஎஸ்பி போர்ட் பாதி மறைந்தது. போர்டை மாற்றுவது கடைசியிலும் கடைசியான வேலை. பிராசசர் உட்காரும் எல்ஜிஏ1150 சாக்கெட்டில் தலைமுடி போன்ற 1150 ஊசிகள் இருக்கின்றன, பிராசசரைத் தூக்கி வைக்கும்போது ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் முழுக்க வேலை செய்யாமல் போகலாம். அதனால் மற்ற எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஐந்தாவது வாரம் மல்டிமீட்டர் வாங்கினேன். எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க யூடியூபில் எல்லோரும் காட்டுவது கம்பித் துண்டு சோதனை: 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும், ஃபேன் சுற்றும். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு செய்வது தவறு. சுமை இல்லாதபோது சாகக் கிடக்கும் எஸ்எம்பிஎஸ்கூட 12 வோல்ட் காட்டும். மெஷினோடு இணைத்து, வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பயன்படாமல் தொங்கும் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும். கறுப்பு முனையில் மீட்டரின் கறுப்பு, மஞ்சளில் சிவப்பு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் முனை வழுக்கி ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நிதானமாக வையுங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், 24 முனையில் ஆரஞ்சு 3.3 வோல்ட், ஊதா ஸ்டாண்ட்பை 5 வோல்ட். ஊதாவில் மட்டும் மெஷின் அணைந்திருந்தாலும் வோல்டேஜ் இருக்க வேண்டும். ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம்: 12-க்கு 11.4 முதல் 12.6 வரை, 5-க்கு 4.75 முதல் 5.25 வரை, 3.3-க்கு 3.14 முதல் 3.47 வரை. பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ப்ரைம்95 என்ற மென்பொருளை ஓடவிட்டு, பிராசசருக்குப் போகும் நான்கு முனை கனெக்டரின் முதுகுப்பக்கம் மஞ்சளில் முனையை நுழைத்துப் பார்த்தேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 11.2. கடையில் போட்ட புதியதில் 11.3. இரண்டுமே எல்லைக்கு வெளியே. பழையது கெட்டிருந்தது என்பது உண்மை, அதை மாற்றச் சொன்னதும் சரி. மாற்றிப் போட்டதும் அதே தரத்தில் இருந்ததால்தான் பழி போர்டின் மேல் விழுந்தது.

மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த 750 ரூபாய் யூனிட்டில் 14 ஆம்பியர் என்றிருந்தது. 12 பெருக்கல் 14, 168 வாட். 450 எங்கே 168 எங்கே. பிராசசர் தனக்கு வேண்டிய கரண்ட் முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கிறது. 5 வோல்ட்டில் எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பயனில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த மெஷினுக்கு, பிராசசரின் 84 வாட்டையும் சேர்த்து, முழு வேலையில் 120 வாட்டே அதிகம். அப்படியிருக்க 168 போதாதா என்று தோன்றும். அட்டவணையில் எழுதிய ஆம்பியரை உண்மையிலேயே கொடுக்கும் யூனிட்டாக இருந்தால் போதும். மலிவு யூனிட்டில் அதுதான் இருப்பதில்லை. பெயர் தெரிந்த நிறுவனத்தின் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற 450 வாட் யூனிட் 2,650 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் முழு வேலையிலும் 11.98 நிற்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் வயதானால் டிசியில் சிற்றலை கூடும், சாதாரண மீட்டரில் அது தெரியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். எனவே மீட்டரில் சரியாகக் காட்டி, தொல்லை மட்டும் தொடர்ந்தால், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து நீங்களே கெபாசிட்டர் மாற்ற முயலாதீர்கள். 230 வோல்ட்டை நேராக்கினால் உள்ளே 325 வோல்ட் டிசி, பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

வேலை கொடுக்கும்போது இல்லாமல், சும்மா இருக்கும்போது மட்டும் அணைகிறதா? இந்த ஐ5-4460 சேர்ந்த, 2013-ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறைக்கே உரிய ஒரு காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது இந்த பிராசசர்கள் சி6, சி7 என்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் 12 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் அளவுக்கே கரண்ட் எடுக்கும். அதற்கு முந்தைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ்கள் சில அவ்வளவு சிறிய சுமையில் நிலையாக நிற்காமல் அணைந்துவிடும். பயாஸில் சி6, சி7 இரண்டையும் நிறுத்திவிட்டால் தொல்லை போகும். கரண்ட் சில வாட் கூடுதலாகும், வேறு பாதிப்பு இல்லை.

யுபிஎஸ்ஸையும் எர்த்தையும் இதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். அதன் பிறகு கரண்ட் இருக்கும் வரை எல்லாம் சரி, மோட்டார் போடும் நொடியில் வோல்டேஜ் இறங்கினால் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும், பேட்டரி தாங்காது, மெஷின் ரீஸ்டார்ட். எல்லாக் கோப்பையும் சேவ் செய்து மூடிவிட்டு சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். என் நோட்டில் மோட்டார் நேரத்துக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை, சோதனையிலும் பேட்டரி எட்டு நிமிடம் நின்றது, அதை விலக்கினேன். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இருப்பது, டெஸ்டர் வைத்தால் மினுக்குவது எல்லாம் எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிக்க இருக்கும் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பி இருப்பவை. எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட்டை ஒட்டித் தொங்கும். நூறு ரூபாய் ஸ்பைக் பஸ்டர்கள் சிலவற்றில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை, உள்ளே வயரே கிடையாது. எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகு பக்செக் பூஜ்யம் என்ற பதிவுகள் அடியோடு நின்றன. ரீஸ்டார்ட் மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தொடர்ந்தது. அப்போதுதான் ஒரு டிக்கை எடுத்தேன், அந்த டிக்தான் என்னை இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்கிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதி, ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி, அதில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்று ஒரு டிக் இயல்பாகவே இருக்கும். நீலத் திரை வந்தாலும் அது கண்ணில் படும் முன் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். நாம் பக்கத்தில் இல்லையென்றால் கரண்ட் போய் வந்தது போலவே தெரியும். அந்த டிக்கை எடுத்ததும் நீலத் திரை நின்று பேசத் தொடங்கியது. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், அடுத்து பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அதற்கடுத்து ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். டவுன்லோட் செய்த ஜிப் கோப்பு சில நேரம் திறக்கும், சில நேரம் கெட்டிருக்கிறது என்று சொல்லும். அதுவும் ரேமின் வேலைதான்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். 8 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுக்க ஓடவிடுவது நல்லது. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. இந்த மெஷினில் முதல் நாற்பது நிமிடம் சுத்தமாக ஓடி, ரேம் சூடேறிய பிறகு பிழைகள் வந்தன. ஐந்து நிமிடம் ஓடவிட்டு "ரேம் ஓகே" என்று சொன்னால் அதை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. பிழை வந்ததும் ரேமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோளாறு ஸ்லாட்டிலும் இருக்கலாம். முதல் ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில், பிறகு அதே ரேமை இரண்டாவது ஸ்லாட்டில், அடுத்து இரண்டாவது ரேமை அதே போல, மொத்தம் நான்கு ஓட்டம். பிழை ரேமோடு போனால் ரேம், ஸ்லாட்டோடு நின்றால் ஸ்லாட். இங்கே ஒரு ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் பிழை காட்டியது. பழைய போர்டிலும் காட்டியது, 2,900 ரூபாய் போர்டிலும் காட்டியது. நோயாளியை வீடு மாற்றியது போல அந்த ரேமைத்தான் இங்கிருந்து அங்கே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

ரேமைக் கழற்றியதும் தங்க முனைகளைத் துடைக்க மென்மையான வெள்ளை அழிப்பான் போதும். மை அழிக்கும் சொரசொரப்பான நீல அழிப்பான் வேண்டாம், தங்கப் பூச்சு மெல்லியது. தேய்த்த துகள்களை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டுக்குள் ஊதிவிட்டு மாட்டுங்கள். ஈரக் காற்று அதிகமுள்ள கடலோர ஊர்களில் டிஸ்ப்ளே வரவில்லை என்ற புகார்களில் நிறைய இத்தோடு முடிந்துவிடும். எதையும் தொடும் முன் பிளக்கைக் கழற்றி, வெறுங்கையால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். மாற்று ரேம் பழையதாக வாங்கியதில் 550 ரூபாய் ஆனது. டிடிஆர்3 வாங்கும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்: ஏஎம்டி போர்டுக்கு மட்டும் பொருந்தும் மலிவு டிடிஆர்3 ரேம்கள் சந்தையில் இருக்கின்றன, அவை இன்டெல் போர்டில் டிஸ்ப்ளேயே தராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் வாங்கினால் போர்டைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே மாட்டி ஆன் செய்து பார்த்து வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்து அன்றிரவே மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள்.

ஆன் ஆகவே மறுக்கும் மெஷினுக்கு இரண்டு வார்த்தை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு, பிராசசர், ஃபேன், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், இவ்வளவு மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எது சேர்ந்ததும் நிற்கிறதோ அதுதான். பவர் பட்டனே சில நேரம் கோளாறு. உள்ளே ஒட்டிக்கொண்டால் ஆன் ஆகி நான்கைந்து நொடியில் அணையும். முன்பக்கத்திலிருந்து வரும் பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்து பாருங்கள். அப்படி நின்று ஓடினால் ரீசெட் பட்டனின் வயரை பவர் ஊசியில் மாட்டிக்கொள்ளலாம், செலவே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் அதையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கில் கெட்ட இடங்களைக் குறிக்கும் 05, சி5, சி6 என்ற வரிகளில் (பிராசசரின் சி6, சி7 வேறு) எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போகப் போகிறது. அப்போது செக் டிஸ்க் ஓட்டி அதைக் கசக்காமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க் இல்லை, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்.

கணக்கு இதுதான். தேவையானவை: செல் 40, பேஸ்ட் 180, மல்டிமீட்டர் 350, எஸ்எம்பிஎஸ் 2,650, ரேம் 550, ஆக 3,770. தேவையில்லாதவை: ஃபார்மேட் 500, மலிவு எஸ்எம்பிஎஸ் 750, போர்டு 2,900, மாட்டுக்கூலி 500, ஆக 4,650. ரீஃபர்பிஷ்டு போர்டைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். வாங்கும்போதே "இதிலும் சரியாகவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்" என்று பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பழைய போர்டையே மீண்டும் மாட்டினேன், விண்டோஸ் ஆக்டிவேஷனும் தானே திரும்பி வந்தது. கேபினெட்டின் பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, அன்றைய அளவுகளை எழுதி வைத்திருக்கிறேன்: 12 வோல்ட் சும்மா இருக்கையில் 12.09, வேலையில் 11.98. 5 வோல்ட் 5.04. செல் 3.21. பிராசசர் சூடு 66. மெம்டெஸ்ட் ஆறு சுற்று, பிழை இல்லை. டிஸ்க்கின் சி7 எண் 3. பேஸ்ட் போட்ட தேதி, செல் போட்ட தேதி. அடுத்த முறை திறப்பவர் யாராக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் அங்கேயே இருக்கும்.